கிரிவலப் பாதையில் ஒரு பேச்சுப் பயிற்சி

கேள்வி: கைப்பேசித் திரையை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகளுக்கு உரையாடும் கலையைக் கற்றுத்தர வழியுண்டா?

பதில்: உண்டு, திருவண்ணாமலையில் அந்த வழியின் நீளம் 14 கிலோமீட்டர். மலையை வலம்வரும் கிரிவலப் பாதையில், எட்டுத் திசைக்கும் ஒன்றாக அமைந்த அட்டலிங்கங்களைக் கடந்து நடக்கையில், பெற்றோர் முதலில் தம் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னால், பேசுவதும் காத்திருந்து கேட்பதும் நடையோடு நடையாகப் படிந்துவிடும். மாணிக்கவாசகர் இவ்வூரில் பாடியதாக மரபு கூறும் திருவெம்பாவையில், விடியலில் தோழியை எழுப்ப வந்த பெண்களிடம், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று உள்ளே படுத்திருப்பவள் கேட்க, நீயே எழுந்துவந்து எண்ணிக்கொள் என்று வாசலில் நிற்பவர்கள் மடக்குகிறார்கள். மார்கழியில் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து இதைப் பாடவைப்பது, பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்யவைப்பதைவிட மிக மேலானது. ஏனெனில் மேடைப் பேச்சுக்கு எதிரில் இருப்பவர் மறுமொழி சொல்வதில்லை.