ஒழுங்கைக்குள் ஒரு மாணவர்

கேள்வி: வெளிநாட்டு மாணவர்கள் மட்டக்களப்புப் பக்கம் வந்து, மாதக்கணக்கில் தங்கி, எங்கள் அன்றாட வாழ்க்கையை ஆராய்கிறார்களாமே! எங்கள் ஒழுங்கையில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

பதில்: ஒழுங்கை வீடுகளெல்லாம் யார் பெயரில் என்று கேட்டுப் பாருங்கள். இது அக்காவின் வீடு, அடுத்த வளவு தங்கச்சிக்கு, அதற்கடுத்தது பெரியம்மாவின் மகளுக்கு. ஆண்பிள்ளைகள்? கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விட்டார்கள்! நமக்கு இது சோறும் மீன்கறியும் மாதிரி. 1970 வாக்கில் தெற்கே அக்கரைப்பற்றில் தங்கிய சிகாகோ பல்கலைக்கழக மாணவர் டெனிஸ் மெக்கில்வ்ரேக்கோ பெரும் அதிசயம். தாய்வழியாக வரும் 'குடி' என்ற குலப்பிரிவு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதை ஆராய்ந்தே 1974இல் முனைவரானார். 2008இல் பெரிய நூலே வந்தது. நீங்களும் ஒரு கொப்பியோடு அம்மம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நாங்கள் என்ன குடி?" என்று கேளுங்கள். கொப்பி இரண்டாக இருந்தால் நல்லது.