உங்களுதுதானுங்க ஓடுது

திருப்பூரில் எந்த நிட்டிங் கம்பெனிக்கும் போன் போட்டு "என் துணி என்னாச்சு?" என்று கேளுங்கள். "உங்களுதுதானுங்க மிஷின்ல ஓடிட்டிருக்குது" என்பார் ஓனர். அடுத்து அழைக்கும் நாலு பார்ட்டிக்கும் இதே பதில்தான்.

இத்தனைக்கும் ஒரு வட்டப் பின்னல் மிஷினில் ஒரு நேரத்தில் ஒரு துணிதான் ஓடும். டயா, அதாவது விட்டம், மாறினால் சிலிண்டரைக் கழற்றி, ஊசிகளைத் திரும்பக் கோத்து, லூப் செட் பண்ணி, ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை பார்க்க வேண்டும். அதற்குள் இன்னொருவர் கத்துவார். பாதி ஓடிய ரோல் இறங்கி ஓரமாய்ப் படுத்துக்கொள்ளும், அதுவும் உங்களுதுதான்.

பாடித் துணி டையிங்குக்குப் போயிருக்கும், காலர் ரிப் இன்னும் நூலாகவே இருக்கும். ரெண்டும் ஒரே லாட்டில் சாயமேறாவிட்டால் சட்டை ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அன்றும் யாரோ ஒரு மெர்ச்சண்டைசர் "டையிங்ல இருக்குதுங்க" என்று பையருக்கு மெயில் தட்டியிருப்பார் என்பது என் யூகம்.

தேதி தவறினால் தூத்துக்குடிக் கப்பலுக்குப் பதில் விமானம்; வாடகை எக்ஸ்போர்ட்டர் தலையில். ஆர்டரே ரத்தானால் இருக்கவே இருக்கிறது, எக்ஸ்போர்ட் மிச்சத்தை விற்கும் காதர்பேட்டைச் சந்தை. அங்கே டெலிவரி தேதியை யாரும் கேட்பதில்லை, எக்ஸ்எல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.