பெரியப்பா பதில்கள்: தறி வீட்டுப் பிள்ளையும் தரமணி காலேஜும்

இந்தத் தடவை தபால் பையைத் திறந்தால் பாதிக்கு மேல் ஃபேஷன் டிசைன் படிப்பு பற்றித்தான். அதிலும் காவாந்தண்டலத்தில் ஒரே வீட்டிலிருந்து வரிசையாகக் கடிதங்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல். எனக்கு எல்லாம் தெரியும்.

பிளஸ் டூ மாணவி, காவாந்தண்டலம்: நிஃப்டில் சேரலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் பெரியப்பா.

எழுது. (நுழைவுத் தேர்வைச் சொன்னேன். சேருவதைப் பற்றி அவர்கள் சொல்லட்டும்.)

அதே மாணவி: நிஃப்ட் என்றால் அப்பா டெய்லரிங் கிளாஸ் என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கல்லூரி என்று ஆரம்பி. ‘கவர்ன்மென்ட்’ என்று காதில் விழுந்தால் எந்த அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். 1986-ல் டெல்லியில் தொடங்கினார்கள். சென்னை வளாகம் 1995-ல் வந்தது, தரமணியில் இருக்கிறது. 2006-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பட்டம் கொடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. நாலு வருஷம், பி.டெஸ். பட்டம். நாடாளுமன்றம் எந்த டெய்லரிங் கிளாசுக்கு சட்டம் போட்டது என்று அப்பாவைக் கேள். மெதுவாகக் கேள்.

ஒரு தகப்பனார், காவாந்தண்டலம் (பெயர் போட வேண்டாம்): மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறி போடும் குடும்பம். துணியைப் பற்றிப் படிக்க என் பெண் மெட்ராசுக்கு ஏன் போக வேண்டும்?

நல்ல கேள்வி. நிஃப்ட் பிள்ளைகளைப் படிப்பின் நடுவில் நெசவு ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். நெசவாளர் வீட்டில் உட்கார்ந்து வேலையைப் பார்த்து எழுதி, படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மார்க். ஆக, லட்சக்கணக்கில் பணம் கட்டியவர்கள் கடைசியில் உங்கள் திண்ணைக்குத்தான் வருகிறார்கள்.

கோர்வை அவர்களுக்கு அதிசயம். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். மூன்று நாடா. அந்தப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள, ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் கோத்துக்கொள்ள வேண்டும். முந்தி நிறம் மாற வேண்டுமா, பெட்னி. பழைய பாவு இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிற பொறுமை. உங்கள் பெண் பத்து வயதில் அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியிருப்பாள். அந்தப் பாடத்தில் அவள் டபுள் பிரமோஷன்.

அப்புறம் ஏன் போக வேண்டும்? உங்கள் சேலையின் அட்டைப் பெட்டியைப் பாருங்கள். கடைக்காரர் பெயர் இருக்கும். டிசைனர் சேலை என்றால் டிசைனர் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர்? கூலி நோட்டில் இருக்கும். பெட்டி மேல் பெயர் போடுகிற பக்கத்துக்குப் போகத்தான் அந்தக் காலேஜ்.

அந்த மாணவியின் பாட்டி, அதே வீடு: துணியைக் குறைச்சுப் போடுறதுதானப்பா ஃபேஷன்?

புடவை ஆறு கஜம், மடிசார் ஒன்பது கஜம். கூட்டிப் போடுவதும் ஃபேஷன்தான் பாட்டி. உங்களுக்குத்தான் கோல்டு மெடல்.

அண்ணன், பொறியியல் மூன்றாம் ஆண்டு, அதே வீடு: கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்றால் தங்கை முறைக்கிறாள்.

முறைக்கட்டும். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் துளை போட்ட அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினார். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்துக்கொண்டார். உன் சிலபஸின் கொள்ளுத் தாத்தா உங்கள் வீட்டு உத்திரத்துக்குக் கீழே தொங்குகிறார். அடுத்த தடவை தூசி தட்டும்போது கும்பிட்டுக்கொள்.

அந்த மாணவியின் அம்மா (“அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்”): செலவு எவ்வளவு ஆகும்?

அம்மா, உங்கள் வீட்டில் இது ஐந்தாவது ஆள். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் ஸ்டாம்பு செலவாவது மிஞ்சும்.

நாலு வருஷக் கட்டணம் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். விடுதி, துணி, காகிதம், கலர் எல்லாம் தனி. நெஞ்சைப் பிடிக்காதீர்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘சார்தக்’ என்று நிஃப்டே ஒரு நிதியுதவி வைத்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் நாட்டின் முதன்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் செலவை மாநில அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டுங்கள். கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று நிஃப்டில் தனிப் பிரிவு உண்டு. நெசவாளர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள். நகையை அடகு வைப்பது கடைசிப் பக்கத்தில் வரட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உத்திரமேரூர்: இந்தப் படிப்புக்கு வயது வரம்பெல்லாம் வைத்திருக்கிறார்களாமே?

உங்கள் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கு யார் தகுதி என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் நீங்கள். 35 வயதுக்குக் கீழே கூடாது, 70-க்கு மேலே கூடாது, சொந்த மனையில் வீடு வேண்டும், கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். நிஃப்ட் இளகிய மனசு: ஆகஸ்ட் முதல் தேதியன்று 24-க்குக் கீழே இருந்தால் போதும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருஷம் சலுகை. நிலம் கேட்கவில்லை.

நர்ஸ், வாலாஜாபாத்: என் மகனுக்கு நீட்டா, நிஃப்டா?

மிலானில் ஓர் இளைஞர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டு ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குள் பொம்மைக்குத் துணி மாட்டும் வேலைக்குப் போனார். அவர் அம்மாவும் உங்களை மாதிரிதான் கவலைப்பட்டிருப்பார். பையன் பெயர் ஜார்ஜோ அர்மானி.

(ஆனால் மருத்துவத்தைப் பாதியில் விட்டவர்கள் எல்லாரும் அர்மானி ஆனதில்லை. மகனைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.)

விவசாயி, திருப்புலிவனம்: ஆம்பளைப் பையன் துணி வெட்டப் படிப்பதா?

உங்கள் சட்டையைத் தைத்தவர் யார்? பாரிசில் 1858-ல் தன் பெயரில் உயர்தரத் தையலகம் திறந்து, சீமாட்டிகளை வரிசையில் நிற்கவைத்த சார்லஸ் வொர்த்தும் மீசைக்காரர்தான்.

பிளஸ் ஒன் மாணவன், மாகறல்: தேர்வில் என்ன கேட்பார்கள்?

முதலில் இரண்டு. படைப்புத் திறன் தேர்வில் ஒரு சூழலைச் சொல்லி வரையச் சொல்வார்கள். பொதுத் திறன் தேர்வில் கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு. இவற்றைத் தாண்டினால் மூன்றாவது: மேசை மேல் காகிதம், கம்பி, நூல், துணி என்று ஏதாவது வைத்து, இதில் இன்னதைச் செய் என்பார்கள். விநாயகர் சதுர்த்திக்குக் குடை செய்த கை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பி.டெஸ்.-சுக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஆடை உற்பத்தித் தொழில்நுட்பமான பி.எஃப்.டெக். வேண்டுமென்றால் கணிதம் படித்திருக்க வேண்டும். ஃபேஷனுக்குப் போனால் கணக்கு தொலையும் என்று நினைத்தாயா? அளவெடுப்பது என்ன, கவிதையா?

அதே மாணவன்: தமிழில் எழுதலாமா?

ஆங்கிலம், இந்தி. அவ்வளவுதான். காஞ்சிப் பட்டு எல்லா மாநிலத்திலும் விலை போகிறது, காஞ்சித் தமிழுக்கு மட்டும் தேர்வறையில் இடமில்லை. திட்டிவிட்டு ஆங்கிலம் படி. இரண்டையும் செய்.

கல்லூரி மாணவி, சாலவாக்கம்: கிராமத்திலிருந்து போனால் அங்கே மதிப்பார்களா? எனக்கு ஆங்கிலமும் சுமார்.

உத்தரப்பிரதேசத்தில் மல்ஹௌசி என்று ஒரு கிராமம். அங்கே பிறந்தவர் ராகுல் மிஸ்ரா. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஆடை வடிவமைப்பு படித்தார். 2014-ல் பன்னாட்டு வுல்மார்க் பரிசு, இந்தியருக்கு அதுதான் முதல் தடவை. 2020-ல் பாரிஸ் ஹோட் கூட்யூர் வாரத்தில் மேடையேறினார், அதிலும் முதல் இந்தியர். உங்கள் ஊருக்காவது பஸ் வருகிறது.

புகைப்படக்காரர், செய்யாறு: அந்த அகமதாபாத் காலேஜ் எப்படி?

1961-ல் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் அமெரிக்காவிலிருந்து ஈம்ஸ் தம்பதி வந்து, இந்தியாவுக்கு எப்படிப்பட்ட வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்று அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். நாடு முழுக்கச் சுற்றிய அவர்கள் மிக அழகான பொருள் என்று வியந்து நின்றது தாஜ்மகாலைப் பார்த்து அல்ல. நம் வீட்டுச் சொம்பைப் பார்த்து. நுழைவுத் தேர்வு தனி, இடங்கள் குறைவு, கடினம். சொம்போடு திரும்பாமல் இருக்க நிஃப்டையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜவுளிக்கடை ஊழியர், காஞ்சிபுரம்: நிஃப்ட் மாதிரியே பெயர் வைத்த காலேஜ்கள் நிறைய இருக்கின்றனவே?

இருக்கின்றன, எல்லாமே போலி என்று நினைக்க வேண்டாம். மொகாலியில் பஞ்சாப் அரசு அமைத்த என்.ஐ.ஐ.எஃப்.டி. உண்டு, ஓர் ‘ஐ’ கூடுதல். திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பின்னலாடை வேலைக்கு நேர் வாசல். இவை போக, தெருமுனை மாடியில் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர்ப்பலகைகள். பட்டு வாங்கும்போது சில்க் மார்க் பார்க்கிறோம் அல்லவா, காலேஜுக்கும் பட்டம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பதில் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனால் மாடிப்படி இறங்குங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், ஸ்ரீபெரும்புதூர்: பக்கத்திலேயே ஒன்றும் இல்லையா?

உங்கள் சவாரி எல்லைக்குள்ளேயே, இருங்காட்டுக்கோட்டையில், எஃப்.டி.டி.ஐ. இருக்கிறது. காலணி வடிவமைப்புக்கு மத்திய அரசு நிறுவனம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோல் தொழில் சுற்றிலும் கிடக்கிறது. சேலையைக் கல்யாணத்துக்குத்தான் வாங்குவார்கள். செருப்பு கோயில் வாசலில் தொலையத் தொலைய வாங்கியாக வேண்டும்.

ஓவிய ஆர்வலர், அச்சிறுபாக்கம்: காசே இல்லாதவன் என்ன செய்வது?

சென்னை எழும்பூர்ப் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. அங்கே ஜவுளி வடிவமைப்பும் சொல்லித் தருகிறார்கள், அரசுக் கட்டணத்தில். இல்லாவிட்டால் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று வருஷ டிப்ளமோ. தறி தெரிந்தவனுக்கு அது தாய் வீடு. நிஃப்ட் கிடைக்காதவன் போகிற இடம் என்று நினைத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

சினிமா ரசிகை, மதுராந்தகம்: ஃபேஷன் படித்தால் நடிகைக்கு உடை வடிவமைக்கலாமா?

தாராளமாக. இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்ததே ஓர் உடை வடிவமைப்பாளர்தான்: பானு அதையா, ‘காந்தி’ படம், 1983. பளபளப்புதான் வேலை என்று எண்ண வேண்டாம். ‘பரதேசி’ படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது வாங்கினார். படம் முழுக்கச் சாக்கும் கந்தலும். கிழிசலைச் சரியாகக் கிழிக்கவும் படிப்பு வேண்டும்.

ஒரு சந்தேகப் பேர்வழி, வந்தவாசி: மனீஷ் மல்ஹோத்ரா எந்த ஃபேஷன் காலேஜிலும் படிக்கவில்லையே?

படிக்கவில்லைதான். நீங்கள் மனீஷ் மல்ஹோத்ராவா?

சரி, கோபிக்க வேண்டாம். சப்யசாசி முகர்ஜி கொல்கத்தா நிஃப்டில் படித்தவர். வீட்டில் வேண்டாம் என்றதும் புத்தகங்களை விற்று விண்ணப்பத்துக்குப் பணம் புரட்டியவர். லண்டனின் அலெக்சாண்டர் மெக்குவீன் பதினாறு வயதில் தையல்கடையில் சேர்ந்து கோட்டு வெட்டக் கற்றுக்கொண்டு, அப்புறம் காலேஜுக்குப் போனார். எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது வழி. முதலில் கை, பிறகு காலேஜ்.

கல்யாணத் தரகர், பெருநகர்: ஃபேஷன் டிசைனர் பெண் என்றால் மாப்பிள்ளை கிடைப்பாரா?

கிடைப்பார். அவர் போட்டுக்கொண்டு வரும் சட்டைக்குத்தான் மார்க் கிடைக்காது.

பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை: படித்து முடித்தால் ராம்ப் மேடைதானே?

பத்தில் ஒருவர் மேடைக்குப் போனாலே பெரிது. மீதிப் பேர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், சங்கிலிக் கடைகளில் எந்தச் சட்டை எத்தனை வாங்குவது என்று முடிவெடுப்பவர், திருப்பூரில் வாங்குபவருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நிற்பவர். விளக்கு வெளிச்சத்தைவிட எக்செல் வெளிச்சம் அதிகம். அதைக் கேட்டும் ஆசை குறையாவிட்டால் படிக்கலாம். குறைந்தால் பத்து லட்சம் மிச்சம்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் காத்திருக்கும் ஒருவர், காவாந்தண்டலம்: கோச்சிங் சேர்க்கட்டுமா?

முதலில் நீங்கள் நிற்கிற வரிசையிலேயே ஒரு வேலையை முடியுங்கள். மத்திய அரசு நிறுவனத்தில் நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிட்டு, தனியாக வாங்க வேண்டும். ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடம் இருக்கிறது. வரைய வந்த கை, எழுத வந்த தேர்வு, எல்லாம் இருந்தும் இந்த ஒரு காகிதம் இல்லாமல் பொதுப் பிரிவில் நிற்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், தேர்வு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில். இ-சேவை மையத்தில் இன்றைக்கே பதிவு செய்யுங்கள். கோச்சிங்கை நாளைக்குப் பேசுவோம்.