சிம்துறவு: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இல்லறத்தைப் பற்றியும் துறவறத்தைப் பற்றியும் நம் முன்னோர் வேண்டிய மட்டும் எழுதிவைத்துவிட்டார்கள். சிக்னல் தராத சிம் கார்டைத் துறப்பது எப்படி என்று எழுதத்தான் ஆளில்லை. அக்குறை நீங்க, கோவில்பட்டியை நடுவாக வைத்து, கிழக்கே விளாத்திகுளம், மேற்கே கழுகுமலை, தெற்கே கயத்தாறு என எல்லை வகுத்து இவ்வாய்வு நடந்தது. வடக்கே சாத்தூர் வரை போய், சேவு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

நிலத்தைக் குறை சொல்ல வழியில்லை. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து விளையும் திறந்த வெளி. பெரும்பாலும் மறிக்க மலையில்லை. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகின்றன. ஆனால் டவர் தள்ளி இருக்கிறது; கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால் அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும்.

நோயின் அறிகுறி மகசூல் காலத்தில்தான் துலக்கமாகத் தெரியும்.

“அண்ணாச்சி, உளுந்து இன்னிக்கு என்ன வெல போவுது?”

“ஏழாயிரத்து...”

“ஏழாயிரத்து எவ்வளவு? அண்ணாச்சி? அலோ?”

அந்த ஏழாயிரத்துக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் களைவெட்டுக் கூலி இருக்கிறது. கேட்டவர் திண்ணையிலிருந்து தெருவுக்கு வருகிறார், தெருவிலிருந்து கம்மாக்கரைக்கு ஏறுகிறார், போனைக் காதிலிருந்து எடுத்து வானத்துக்குக் காட்டுகிறார். இவ்விடத்தில் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிவர். மொட்டைமாடிக் கொள்கையினர் உயரமே முதல் என்பர். கம்மாக்கரைக் கொள்கையினர் மாடியில் இரண்டு புள்ளிதான், கரையில் மூன்று என்று மறுப்பர். இருதரப்பும் ஒருமுகமாக ஏற்பது, அடுப்பங்கரையில் சிக்னல் கிடையாது என்பதை மட்டுமே.

இனித் துறவு. மேலைநாட்டில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டுப் பாதியில் விலகினால் அபராதம் கட்ட வேண்டிவரும். நமக்குப் பெரும்பாலும் பிரீபெய்டு. அந்தத் தளை இல்லை. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆயுள் நான்கு நாள். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி கூடாது. 2019இல் இதற்கு நிர்ணயித்த கட்டணம் 6 ரூபாய் 46 பைசா. இவ்வளவு மலிவான துறவு காசியிலும் கிடைக்காது.

சிக்கல் ஒன்றுதான். சிக்னல் இல்லை என்று விலகுகிறவர், விலகும் செய்தியை அனுப்பவும் அதே சிக்னல் வேண்டும். இந்த முரணின் உச்சத்தைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் கண்டது. 1999இல் இங்கே காலூன்றிய ஏர்செல்லின் டவர்கள் ஊர் ஊராக ஊமையாயின. மாறிக்கொள்ள நினைத்தவர்களின் குறுஞ்செய்தி போனை விட்டே கிளம்பவில்லை. கடைகளில் கூட்டம் நெரிந்தது. மாதக் கடைசியில் கம்பெனியே திவால் மனு கொடுத்துவிட்டது. வாடிக்கையாளர் துறப்பதற்குள் கம்பெனி துறந்த வகை இது. இலக்கணம் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வழக்குப் போடலாமே என்பார்க்கு: பேச்சு அறுந்தால் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் ஆணையிட்டது. மூன்று கடலைமிட்டாய்க்கு ஆகும் தொகை. கோவில்பட்டிக்காரருக்கு அதுவும் பெரிதுதான். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2009 தீர்ப்பொன்றைக் காட்டி நுகர்வோர் மன்றத்துக்கே வரக்கூடாது என்று கம்பெனிகள் வாதாடிவந்தன. வரலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உளுந்து விலை பாதியில் அறுந்ததற்கு எவ்வளவு கேட்பது என்பதுதான் பாக்கி.

மாறியவர்களின் கதி என்ன? பல இடங்களில் இரண்டு மூன்று கம்பெனிகளின் கருவிகள் ஒரே டவரில்தான் தொங்குகின்றன. அதற்குக் கரண்ட் போனால் புது கம்பெனியும் சேர்ந்தே போகும். இதைக் கண்டறிந்த கரிசல்காரர், துறவைக் கைவிட்டு இரட்டைச் சிம்முக்குப் போய்விட்டார்: பேங்க் ஓடிபி வர பழையது, பேச புதியது. வீட்டுக்காரம்மா போனில் மூன்றாவது கம்பெனி. எவர் போனில் புள்ளி தெரிகிறதோ அன்றைக்கு அவரே குடும்பத் தலைவர். கொழுந்தன், மச்சான், பால்காரர், வட்டிக்காரர் அத்தனை பேரும் அவர் வழியாகத்தான் பேச வேண்டும். குடும்பத் தலைமை குறித்து இதுவரை வந்த நூல்கள் அனைத்தும் இவ்விடத்தில் திருத்தப்பட வேண்டியவை.