கூட்டம் சேராத கடையின் பெருமை

கடையையும் திறந்து, கூட்டமும் சேராமல் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் கைவரும் வித்தை அல்ல. அமெரிக்க அரசுக்குக் கைவந்தது. 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பொதுவாக ஐம்பது பேருக்கு மிகாமல் வேலைக்கு வைத்திருக்கும் சிறுமுதலாளிகளுக்கென்று தனியாக ஒரு காப்பீட்டுச் சந்தையை ஏற்படுத்தியது. பெயர் 'ஷாப்'. நாலு பேரை வைத்து முடிதிருத்தகம் நடத்துகிறவருக்கும் பெரிய கம்பெனிக்குக் கிடைப்பது போன்ற விலையும் வசதியும் கிடைக்கட்டும் என்பது எண்ணம். அந்த எண்ணத்தில் குறை காண்பவன் நான் இல்லை. அதை நிறைவேற்றிய பக்குவம்தான் என்னை வியக்க வைக்கிறது.

முதலில் நிதானம். 2013 அக்டோபரில் திறக்க வேண்டிய மத்திய அரசின் இணையக் கடையை, அதற்குச் சில நாட்களுக்கு முன்பு நவம்பருக்குத் தள்ளினார்கள். நவம்பர் கடைசியில், ஊரே நன்றித் திருநாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இன்னும் ஓராண்டு தள்ளினார்கள். அதுவரை ஏஜென்டிடமோ காப்பீட்டுக் கம்பெனியிடமோ போய்க்கொள்ளலாம் என்றும் அன்போடு வழி சொன்னார்கள். ஒரு கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த திட்டத்தைத் தாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தச் சந்தையின் தனிச்சரக்கு. மத்திய அரசு நடத்திய கடைகளில் முதலாண்டு அந்தச் சரக்கை மட்டும் வெளியே எடுக்கவில்லை. நல்ல பொருளை வந்தவுடனே காட்டிவிடலாமா?

இந்தச் சந்தையில் வாங்குகிறவர்களுக்கான வரிச்சலுகையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தொழிலாளிக்காக முதலாளி கட்டும் பிரீமியத்தில் பாதிவரை அரசே வரியில் கழித்துக் கொடுக்கும். பாதி! இதைவிடத் தாராளம் உண்டா? ஆட்கள் இருபத்தைந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்கள் என்றால் தலைகள் அல்ல. எல்லாருடைய வேலை மணிகளையும் கூட்டி 2,080ஆல் வகுத்தால் வருகிற எண். சராசரிச் சம்பளம் 2014இல் ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலருக்குள் இருக்க வேண்டியிருந்தது. முழுச் சலுகையும் வேண்டுமென்றால் பத்துப் பேருக்குள், அந்த ஆண்டில் சுமார் 25,000 டாலருக்குள். ஆள் கூடக்கூடத் தேயும். சம்பளம் கூடக்கூடவும் தேயும். வேலைக்காரனுக்குக் கூட்டிக் கொடுக்கும் துர்க்குணம் சிறுமுதலாளிகளிடம் வேர்விடாமல் காத்த முன்யோசனை இது. அவ்வளவு குறைந்த சம்பளம் தரும் கடைகளில் அநேகமாகக் காப்பீடே கிடையாது, காப்பீடு தரும் கடைகளில் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும் என்பதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தகுதி உள்ளவர் வாங்கக்கூடாது, வாங்குகிறவருக்குத் தகுதி இருக்கக்கூடாது என்பது எளிதில் அமைகிற பொருத்தமா?

நியூஜெர்சியில் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி, தோசை போடும் நம்மவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மனைவி கல்லாவில், மைத்துனர் அடுப்படியில், மாமனார் காய்கறிக் கொள்முதலில். இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். மகன், மகள், அண்ணன், தம்பி, சித்தப்பா, அத்தை, மருமகன் எல்லாரையும் சட்டம் பேர் சொல்லி விலக்கியிருக்கிறது. நம் கல்யாணப் பத்திரிகைகளில்கூட இவ்வளவு விடாமல் உறவு சொல்லியிருக்காது. மீதமுள்ள இரண்டு பேருக்காக அவர் 8941 என்ற படிவத்தை நிரப்பி, சலுகையை இரண்டே ஆண்டு அனுபவிக்கலாம். மூன்றாம் ஆண்டு பழகிப்போயிருக்கும்.

சந்தை திறக்கும் முன்பே, 2010ஆம் வரி ஆண்டிலேயே, இந்தச் சலுகை இருந்தது. குறைந்தது 14 லட்சம் முதலாளிகள் தகுதியுள்ளவர்கள் என்று மதிப்பிட்டார்கள். கேட்டு வந்தவர்கள் சுமார் 1,70,300 பேர். மற்றவர்களின் தன்மானம் போற்றத்தக்கது.

அதே கம்பெனிகளின் காப்பீடு சந்தைக்கு வெளியே ஏஜென்டிடமும் கிடைத்தது. படிவத்தை அவரே பூர்த்தி செய்தும் கொடுத்தார். ஐம்பது பேருக்குள் வைத்திருப்பவருக்குக் காப்பீடு தராவிட்டால் அபராதமும் இல்லை. போதாததற்கு, 2013 நவம்பரில், மாநிலமும் கம்பெனியும் சம்மதித்தால் பழைய திட்டத்தையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். தன் கடைக்கு எதிரிலேயே பந்தல் போட்டு அடுத்த கடைக்கு வழிகாட்டும் வியாபாரியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

2017இல் நாடு முழுவதும் நாற்பது லட்சம் பேர் இந்தச் சந்தை வழியே காப்பீடு பெறுவார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்திருந்தது. அந்த ஜனவரியில் மத்திய அரசின் கடைகளில் இருந்தவர்கள் சுமார் 39,000 பேர். மாநிலங்கள் தாமே நடத்தியவற்றைச் சேர்த்தாலும் மூன்று லட்சத்தைத் தொடவில்லை. 2018 முதல் மத்திய அரசின் இணையதளத்தில் சேர்கிற வேலையும் ஒழிந்தது. ஏஜென்டிடமோ கம்பெனியிடமோ போங்கள் என்று மறுபடியும் அதே வழி.

நிலையாகத் தங்கிவிட்ட வாடிக்கையாளரும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவர்களுடைய அலுவலக ஊழியர்களும் காப்பீட்டுக்கு அரசின் பங்கைப் பெற வேண்டுமானால், தலைநகர் வாஷிங்டனின் சிறுதொழில் சந்தை வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அமெரிக்க நாடாளுமன்றம் அன்றிலிருந்து அங்கே சிறுதொழில்களோடு வரிசையில் நிற்கிறது. அவர்களுக்கு 8941 படிவம் கிடையாது. மாமனாரைக் கழித்துவிட்டு ஆளெண்ணும் வேலையும் கிடையாது. பிரீமியத்தில் பெரும்பங்கை அரசே நேராகக் கட்டிவிடுகிறது.