கேள்விக்கு ரசீது உண்டு

கே: க்ரீன் கார்டு மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்பிவிட்டேன். உறையை முதலில் பிரிப்பது எந்த அதிகாரி? (எடிசன் வாசகர்)

ப: அதிகாரியே இல்லை. கருவூலத் துறை நியமித்த வங்கி நடத்தும் 'லாக்பாக்ஸ்' ஊழியர். சிகாகோ, டல்லாஸ், ஃபீனிக்ஸ் வட்டாரங்களில் இந்தக் கூடங்கள் உண்டு. உங்கள் தகுதியை அங்கே யாரும் எடை போடுவதில்லை. பணம் சரியா, கையெழுத்து இருக்கிறதா, படிவம் செல்லுபடியாகும் பதிப்பா, வந்து சேர்ந்த முகவரி சரியா, இவ்வளவுதான். நோபல் பரிசே வாங்கியவராக இருந்தாலும், கையெழுத்துக்குப் பதில் பெயரை டைப் அடித்திருந்தால் உறை வீடு திரும்பும்.

கே: செக் வைத்து அனுப்பினேன். திருப்பிவிட்டார்களே?

ப: 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு, விதிவிலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களிடம் செக், மணி ஆர்டர் வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னால் ஜி-1650 படிவம். கார்டு அமெரிக்க வங்கியுடையதாக இருக்க வேண்டும். சென்னை அண்ணன் நீட்டும் கார்டு பாசத்துக்கு ஆகும், ஃபீஸுக்கு ஆகாது. கார்டு ஒருமுறை மறுத்தால் இன்னொரு முறை தேய்த்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

கே: வீட்டுக்காரர், நான், பிள்ளை, மூவருக்கும் மொத்தமாகக் கட்டலாமா?

ப: அங்கே மொத்த வியாபாரம் கிடையாது. படிவம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம். 2024 ஏப்ரல் முதல் க்ரீன் கார்டு மனுவான ஐ-485க்குப் பெரியவருக்கு 1,440 டாலர். பெற்றோரோடு சேர்ந்து மனுப் போடும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 950. அரை டிக்கெட்தான், ஆனால் அரை கொஞ்சம் பெரிது.

கே: "திரும்பி வந்தால் மறுபடி அனுப்பினால் போச்சு" என்கிறார் மாப்பிள்ளை. சரியா? (பிளேனோ மாமியார்)

ப: அனுப்பலாம்; வேறு வழியும் இல்லை, திருப்பியதை எதிர்த்து அப்பீல் கிடையாது. ஆனால் தேதி போனது போனதுதான். ஏற்றுக்கொண்ட மனுவுக்கு மட்டுமே ரசீது தேதி. திரும்பிய மனு வந்ததாகவே கணக்கில்லை. நடுவில், யார் எப்போது மனுப் போடலாம் என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில் தேதி பின்னுக்குப் போய்விட்டால் (இந்தியர்களுக்கு அது புதிதா என்ன?) அந்த ஒரு கையெழுத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிற வீடு என்றால் (அதைத் தாண்டினால் பெற்றோரோடு சேரும் தகுதியே போய்விடலாம்) கேட்கவே வேண்டாம். உறையை ஒட்டுமுன் எல்லாப் பக்கத்தையும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. மாமியார் சொன்னால் மாப்பிள்ளை மறுக்கவா போகிறார்?

கே: ஸ்பைரல் பைண்டிங் போட்டு அனுப்பினால் மதிப்பு கூடுமா?

ப: கல்யாண ஆல்பமா அனுப்புகிறீர்கள்? எல்லாம் ஸ்கேனருக்குள் போகிறது. ஸ்டேப்ளர் பின்கூட வேண்டாம்.

கே: ஒரே லாக்பாக்ஸுக்கு ஏன் இரண்டு முகவரி?

ப: ஒன்று அரசுத் தபாலுக்கு, மற்றது ஃபெடெக்ஸ், யுபிஎஸ், டிஹெச்எல் கூரியருக்கு. தபால் பெட்டி எண்ணில் கூரியர்காரர் யாரிடம் கையெழுத்து வாங்குவார்?

கே: ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பா?

ப: 2019-20இல் அடைக்கலம் கேட்டவர்களின் மனுக்களைக்கூட அதற்காகத் திருப்பினார்கள். மிடில் நேம் இல்லாதவர் மிடில் நேம் கட்டத்தைக் காலியாக விட்டதும் குற்றமாயிற்று! இனிஷியலை வைத்தே வாழ்க்கையை ஓட்டும் நம்மூர்க்காரர்கள் எங்கே போவது? வழக்குப் போட்டார்கள், 2020 டிசம்பர் கடைசியில் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

கே: மனு தள்ளுபடியானால் பணம் வாபஸ் வருமா?

ப: வாசலிலேயே திருப்பினால் பணத்தைத் தொடமாட்டார்கள். உள்ளே எடுத்துப் பரிசீலித்து மறுத்தால் பைசா வராது. அந்தத் துறையின் வண்டி ஓடுவது பெரும்பாலும் வரிப்பணத்தில் அல்ல, மனுதாரர் ஃபீஸில்.

கே: போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தூக்கமே இல்லை.

ப: ஜி-1145 படிவத்தைக் கட்டின் மேலே வையுங்கள். மனுவை ஏற்றதும் ரசீது எண் போனுக்கு வரும். அதற்கு ஃபீஸ் இல்லை. இலவசம் என்பதால் சந்தேகப்பட்டு வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.