அம்மம்மாவுக்கு வரிவிலக்கு இல்லை

இங்கிலாந்தில் இருக்கிற தங்கச்சி முன்பெல்லாம் போன் எடுத்தால் குளிரில் தொடங்குவாள். பிள்ளையை நேர்சரியில் விட்ட பிறகு வரியில்தான் தொடங்குகிறாள். சம்பளத்தில் பாதிக்கு மேல் நேர்சரிக்கே போகிறதாம். அரசாங்கம் இதற்கென்று ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறது. தாய் தகப்பன் எட்டுப் பவுண்ஸ் போட்டால் அரசாங்கம் இரண்டு போடும். மூன்று மாதத்துக்கு 500 வரை. ஆனால் மூன்று மாதத்துக்கொருக்கா, 'நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன்' என்று உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் அந்த இரண்டும் நின்றுவிடும்.

இங்கே ஊரில், பழுகாமத்தில், அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்பா.

முன்பு இன்னொரு வசதி இருந்ததாம். வேலை கொடுப்பவரே மாதம் 243 பவுண்ஸ்வரை வரி வெட்டுமுன் சம்பளத்தில் எடுத்து, நேர்சரிக்கான வவுச்சராகத் தருவார். 2018 ஒக்டோபர் 4ஆம் திகதியோடு புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சிக்குக் கலியாணம் 2015இல், பிள்ளை 2023இல். நடுவில் அம்மா திரௌபதை அம்மனுக்கு வைத்த நேர்த்திகளுக்குக் கணக்கில்லை. வவுச்சர் கதை காதில் விழுந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தா.

"நான் அப்பவே சொன்னனேகா, காலத்தோட ஒண்டப் பெறு எண்டு. இப்ப பார், வெள்ளைக்காரனும் அதத்தான் சொல்லியிருக்கான்."

தங்கச்சி அவசரமாக அடுத்த சலுகைக்குத் தாவினாள். 2025 செப்டெம்பரிலிருந்து, தாயும் தகப்பனும் வேலை செய்தால், ஒன்பது மாதம் கடந்த பிள்ளைக்கும் கிழமைக்கு 30 மணித்தியாலம் இலவசம். ஆனால் அது வருடத்தில் 38 கிழமைக்குத்தான்.

"அப்ப மிச்சப் பதினாலு கிழமையும் பிள்ளைக்குப் பசிக்காதாமா?"

பதில் வரவில்லை. அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு விஷயத்துக்கு வந்தா. "என்னைக் கூப்பிட்டா, அந்த ரெண்டு பவுண்ஸை எனக்குத் தருவாங்களா?"

அதற்கும் சட்டம் இருக்கிறது. அம்மம்மா பார்த்தாலும் காசு கொடுக்கலாம். ஆனால் அவ பதிவு பெற்ற பராமரிப்பாளராக இருக்க வேண்டும், பிள்ளையை அதன் சொந்த வீட்டுக்கு வெளியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"வெளியிலயா? அந்தக் குளிருக்கையா?"

எங்கள் படுவான்கரையில் முறையே வேறு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் சீதனம். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார்; தாய் தகப்பன் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், நேர்சரிக் காசை மிச்சம்பிடிக்க முன்னோர் போட்ட திட்டம் அது. தங்கச்சிக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அம்மம்மாவும் தயார். பிள்ளைதான் மூன்று மாதத்துக்கொருக்கா வெள்ளைக்காரனுக்குக் கணக்குக் காட்டுகிற ஊரில் வளர்கிறது.

நானும் அப்படிப் பெட்டியோடு போனவன்தான். மனைவி ரீச்சர். இலங்கை அரசாங்கம் அவளுக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடும், பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தோடும், அதற்குப் பிறகு 84 நாள் சம்பளமே இல்லாமலும் பிரசவ லீவு தந்தது. அதற்குப் பிறகு மாமி. வரியில் கழிக்கலாமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை: 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய்வரை வருமான வரி கிடையாது, என் சம்பளம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

காலையில் நான் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வேலைக்குப் போய்விடுவேன். பாலர் பாடசாலை மத்தியானத்துக்கு முன்னமே விட்டுவிடும். மாமி போய்க் கூட்டிவருவா. முள் எடுத்த மீனைச் சோற்றோடு பிசைந்து, வளவுக்குள் ஓடுகிறவனைத் துரத்தித் துரத்தித் தீத்துவா. பின்னேரம் நான் வரும்போது பிள்ளை குளித்துப் பவுடர் பூசி நிற்பான். இதற்கு மாமி வாங்குகிற சம்பளம் வெற்றிலை, பாக்கு, கால் நோவுக்கு ஒரு தைலம்.

தங்கச்சியிடம் ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்: எங்கள் வீட்டுப் போனுக்கு எடுக்கும்போது இந்த மணித்தியாலக் கணக்கெல்லாம் பேசாதே. மாமிக்குக் காது நல்லாக் கேட்கும்.